வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த போர்

லெபனான் பற்றிப் பேச்சு எடுத்தால் நம்மிடம் இரண்டு வாக்கியங்கள் தயாராக இருக்கின்றன. ஒன்று, “பாவம்ப்பா, சின்ன நாடு. பெரிய நாடுங்க அடிச்சுக்கிறதுக்கு அந்த மண்ணுதான் கிடைச்சுது.” இன்னொன்று, “அவனுங்க எப்பவுமே அப்படித்தான். மதத்துக்கு மதம் வெட்டிக்கிட்டே இருப்பானுங்க.” முதலாவதைச் சொல்பவர் இளகிய மனசுக்காரர். இரண்டாவதைச் சொல்பவருக்குத் தான் ஒரு யதார்த்தவாதி என்று நினைப்பு. சொல்லி முடித்த பிறகு இரண்டு பேருக்குமே மேற்கொண்டு யோசிக்க ஒன்றும் மிச்சமிருக்காது.

இந்தக் கட்டுரை இரண்டுக்கும் எதிரானது. ஆனால் எனக்குக் கோபம் அதிகம் முதல் வாக்கியத்தின் மேல்தான். இரண்டாவது வெறும் சோம்பேறித்தனம். கொஞ்சம் வரலாறு படித்தால் உதிர்ந்துவிடும். முதலாவதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி உண்மையை வைத்துக்கொண்டு ஒரு தலைமுறைத் தலைவர்கள் கொலைப்பழியிலிருந்து தப்பித்திருக்கிறார்கள். அமைச்சர்கள் ஆகியிருக்கிறார்கள். நாற்காலியைப் பிள்ளைகளுக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

லெபனானில் இந்த வாக்கியத்துக்கு ஒரு நிலையான வடிவமே உண்டு: ‘நம் மண்ணில் மற்றவர்களின் போர்’. 1975 முதல் 1990 வரை நடந்த உள்நாட்டுப் போரை அங்கே பலர் இப்படித்தான் விளக்குவார்கள். இந்தச் சொற்றொடரோடு சேர்த்து நினைக்கப்படுபவர் கசான் துவேனி. ‘அன்-நஹார்’ பத்திரிகையின் ஆசிரியர், போர்க்காலத்தில் ஐ.நா.வில் லெபனானின் தூதர். 1985இல் அவர் பிரெஞ்சில் எழுதிய நூலின் தலைப்புக்கு ‘மற்றவர்களுக்காக ஒரு போர்’ என்று பொருள். ‘மற்றவர்களுக்காக’ என்னும்போது, சண்டை போட்டவன் யார் என்ற கேள்விக்கு இன்னும் உயிர் இருக்கிறது. ‘மற்றவர்களின்’ என்று ஆகும்போது அந்தக் கேள்வி செத்துப்போகிறது. துவேனியை நான் குற்றம் சொல்ல வரவில்லை. அவருடைய மகன் ஜிப்ரான் 2005 டிசம்பரில் கார் குண்டில் கொல்லப்பட்டார். அந்த மனிதர் இழந்தது போதும். என் சண்டை அந்தச் சொற்றொடரைக் கேடயமாகத் தூக்கிக்கொண்டவர்களோடு.

நம்மூரில் ஒரு பழமொழி இருக்கிறது: ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். லெபனானுக்கு இதைவிடப் பொருத்தமான பழமொழி இல்லை என்று தோன்றும். ஆனால் கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும், கூத்தாடி தானாக வந்து இறங்குவதில்லை. ஊர்ப் பெரிய மனுஷங்க வெற்றிலை பாக்கு வைத்து, முன்பணம் கொடுத்து அழைத்து வருகிறார்கள். லெபனானுக்குள் வந்த ஒவ்வொரு அந்நியப் படைக்கும் உள்ளேயிருந்து யாரோ ஒருவர் வெற்றிலை பாக்கு வைத்திருக்கிறார், அல்லது வாசல் கதவையாவது திறந்து வைத்திருக்கிறார். அந்தக் கை யாருடையது என்று கேட்காமல் இருப்பதற்குத்தான் ‘மற்றவர்களின் போர்’ என்ற சொல் பயன்படுகிறது.

*

முதலில் வீட்டின் அமைப்பு.

லெபனானின் பரப்பு 10,452 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட வராது. அதற்குள் அரசு அங்கீகரித்த 18 மதப்பிரிவுகள்: மரோனைட் கிறிஸ்தவர்கள், சன்னிகள், ஷியாக்கள், துரூஸ்கள், கிரேக்க ஆர்த்தடாக்ஸ், ஆர்மேனியர்கள் என்று நீளும் பட்டியல். திருமணம், விவாகரத்து, வாரிசுரிமை எல்லாம் அந்தந்தப் பிரிவின் சட்டப்படி. இன்றைய எல்லைகளை 1920 செப்டம்பர் 1 அன்று அறிவித்தவர் ஒரு பிரெஞ்சு ஜெனரல், பெயர் கூரோ. கடைசியாக அதிகாரபூர்வ மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது 1932இல். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. எடுத்தால் யார் எத்தனை பேர் என்று தெரிந்துவிடும். தெரிந்தால் நாற்காலிகளை மாற்றிப் போட வேண்டியிருக்கும்.

நாற்காலிகள் 1943இல் பிரிக்கப்பட்டன. அந்த ‘தேசிய உடன்படிக்கை’ எழுத்தில் இல்லை. பிஷாரா அல்-கூரி, ரியாத் அல்-சுல்ஹ் என்ற இரண்டு தலைவர்களின் வாய்ப்பேச்சு. ஜனாதிபதி மரோனைட், பிரதமர் சன்னி, சபாநாயகர் ஷியா. நாடாளுமன்றத்தில் கிறிஸ்தவர் ஆறு பேர் என்றால் முஸ்லிம் ஐந்து பேர். கூடவே இரண்டு சத்தியங்கள்: கிறிஸ்தவர்கள் பிரான்சைக் கூப்பிட மாட்டார்கள், முஸ்லிம்கள் சிரியாவோடு சேரக் கேட்க மாட்டார்கள். ஜார்ஜ் நக்காஷ் என்ற பத்திரிகையாளர் 1949இல் எழுதினார், இரண்டு மறுப்புகளைக் கூட்டினால் ஒரு தேசம் வந்துவிடாது என்று. அதற்காக அவரைச் சிறையில் போட்டார்கள்.

இந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது? நீங்கள் ஒரு மரோனைட் தலைவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்த நாட்டையும் நீங்கள் ஜெயிக்க வேண்டியதில்லை. உங்கள் பிரிவை ஜெயித்தால் போதும். ஆனால் எவ்வளவு ஜெயித்தாலும் மற்ற பிரிவுத் தலைவர்களை உங்களால் தோற்கடிக்க முடியாது; அவர்களுக்கான நாற்காலி எழுதி வைக்கப்பட்டது. அவர்களாலும் உங்களைத் தோற்கடிக்க முடியாது. ஆக, எல்லாரும் எப்போதும் சரிசமமாக முட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். இந்த முட்டலை உங்கள் பக்கம் சாய்க்க ஒரே வழி, வெளியிலிருந்து ஒரு கை. பணமாக வரலாம், துப்பாக்கியாக வரலாம், படையாகவே வரலாம். நீங்கள் ஒருவரைக் கூப்பிட்டதும் எதிராளி பயந்துபோய் இன்னொருவரைக் கூப்பிடுவார். இதில் யாரும் தனிப்பட்ட முறையில் துரோகியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. வீட்டைக் கட்டிய விதம் அப்படி.

இன்னொன்றும் உண்டு. இப்படிப்பட்ட வீட்டில் பொதுவான காவல்காரன் வலுவாக இருப்பதை யாரும் விரும்ப மாட்டார்கள். ராணுவம் பலமானால் அது எதிராளி கைக்குப் போய்விடுமோ என்ற பயம். ‘அந்த நாட்டுக்கு ராணுவமே சரியில்ல, அதான் எல்லாரும் உள்ள வர்றான்’ என்பார்கள். ராணுவம் சரியில்லாமல் இருந்ததில் பல பேருக்கு லாபம் இருந்தது.

இந்தப் பழக்கம் 1943க்கும் மூத்தது. 19ஆம் நூற்றாண்டில், ஓட்டோமான் ஆட்சியின் கீழேயே, மரோனைட்டுகளுக்குப் பிரான்ஸ், துரூஸ்களுக்குப் பிரிட்டன், ஆர்த்தடாக்ஸ்களுக்கு ரஷ்யா என்று ஆளுக்கொரு காவல் தெய்வம் இருந்தது. 1860இல் மலைநாட்டில் மரோனைட்டுகளும் துரூஸ்களும் மோதியபோது பிரெஞ்சுப் படை கப்பலில் வந்து இறங்கியது.

*

இனி அழைப்புகளின் பட்டியல்.

1958. கமீல் ஷமூன் ஜனாதிபதி. பதவிக்காலம் முடியப்போகிறது, நீட்டிக்கப் பார்க்கிறார் என்று சந்தேகம். எதிர்ப்பாளர்களுக்கு எகிப்தும் சிரியாவும் சேர்ந்த ஐக்கிய அரபுக் குடியரசிலிருந்து ஆயுதம் வருகிறது. ஜூலை 14 அன்று பக்கத்தில் ஈராக்கில் மன்னராட்சி கவிழ்கிறது. ஷமூன் அமெரிக்காவைக் கூப்பிடுகிறார். மறுநாளே அமெரிக்கக் கடற்படை வீரர்கள் பெய்ரூட் கடற்கரையில் துப்பாக்கியோடு இறங்குகிறார்கள். கரையில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். சிறுவர்கள் குளிர்பானம் விற்றார்கள். உள்ளூர் பதவிச் சண்டை ஒன்றுக்குப் பனிப்போரின் வேட்டி கட்டிவிட்ட கதை இது.

1969. லெபனான் மண்ணிலிருந்து பாலஸ்தீனப் போராளிகள் இஸ்ரேலைத் தாக்கலாமா என்பது கேள்வி. சன்னித் தலைவர்களும் இடதுசாரிகளும் ஆமாம் என்கிறார்கள், மரோனைட் தலைவர்கள் கூடாது என்கிறார்கள். பிரதமர் ரஷீத் கராமி ராஜினாமா செய்ய, மாதக்கணக்கில் அமைச்சரவையே இல்லை. கடைசியில் நவம்பர் 3 அன்று கெய்ரோவில், நாசரின் மத்தியஸ்தத்தில், லெபனான் ராணுவத் தளபதி எமில் புஸ்தானியும் யாசர் அராபத்தும் ஒரு ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். தன் எல்லையிலிருந்து இன்னொரு நாட்டோடு சண்டை போடும் உரிமையை ஒரு அரசு தானே எழுதிக் கொடுக்கிறது. உலகத்தில் எத்தனை நாடு இப்படிச் செய்திருக்கும்?

1976. உள்நாட்டுப் போர் தொடங்கி ஒரு வருஷம். பாலஸ்தீனர்களும் லெபனான் இடதுசாரிகளும் ஜெயிக்கும் நிலை. மரோனைட் தலைவர்கள் யாரைக் கூப்பிட்டார்கள் தெரியுமா? சிரியாவை. அரபு தேசியம் பேசிய ஹாஃபிஸ் அல்-அசாதின் ராணுவம், கிறிஸ்தவப் படைகளைக் காப்பாற்றுவதற்காகப் பாலஸ்தீனர்களைச் சுட்டது. ‘மதத்துக்கு மதம் வெட்டிக்கிறாங்க’ என்று சொல்லும் யதார்த்தவாதி நண்பர் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். இரண்டே வருஷத்தில், 1978இல், அதே சிரிய ராணுவம் பெய்ரூட்டின் கிறிஸ்தவப் பகுதியான அஷ்ரஃபியேவை மாதக்கணக்கில் பீரங்கியால் அடித்தது. விருந்தாளி 29 வருஷம் தங்கினார். 2005 ஏப்ரலில்தான் போனார்.

1982. ஜூன் 3 அன்று லண்டனில் இஸ்ரேலியத் தூதர் ஷ்லோமோ ஆர்கோவ் சுடப்படுகிறார். சுட்டது அபு நிதால் கும்பல். அராபத்தின் பாலஸ்தீன விடுதலை இயக்கத்துக்கு ஜென்ம விரோதி. ஆனால் மூன்று நாள் கழித்து இஸ்ரேல் படையெடுத்தது லெபனான் மேல், அராபத்தை ஒழிக்க. இது அப்பட்டமான சாக்கு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பெய்ரூட் வரை வந்த அந்தப் படைக்கு உள்ளே காத்திருந்தவர் பஷீர் ஜெமாயெல். அவருடைய படைக்கு இஸ்ரேலின் ஆயுதமும் பயிற்சியும் பல வருஷமாக வந்துகொண்டிருந்தன. இஸ்ரேலிய டாங்கிகள் நகரத்தைச் சுற்றி நிற்கும்போதே ஆகஸ்ட் 23 அன்று அவர் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். செப்டம்பர் 14 அன்று குண்டுவெடிப்பில் செத்தார். அடுத்த இரண்டு நாளில் சப்ரா, ஷத்திலா. இஸ்ரேலியர்கள் வெளியே காவல் நின்று வானத்தில் வெளிச்சக் குண்டு போட, பஷீரின் ஆட்கள் உள்ளே போய் அகதிகளைக் கொன்றார்கள். 700 பேர் என்றும் 3,500 பேர் என்றும் சொல்கிறார்கள். எண்ணிக்கையைக்கூடச் சரியாகச் சொல்ல முடியாத சாவு.

அதே 1982இல் சிரியா வழியாக பெக்கா பள்ளத்தாக்குக்கு ஈரானின் புரட்சிக் காவல் படையினர் வந்தார்கள். ஹிஸ்புல்லா அங்கே உருவானது. 1980களின் கடைசியில், சிரியாவைப் பழிவாங்குவதற்காகச் சதாம் உசேன் பெய்ரூட்டின் கிறிஸ்தவப் படைகளுக்கு ஆயுதம் அனுப்பினார். போரின் முடிவில் யார் யாரைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள் என்று பாருங்கள். ஷியா அமலும் ஷியா ஹிஸ்புல்லாவும். மரோனைட் மிஷெல் அவுனும் மரோனைட் சமீர் ஜஜாவும். மதச்சண்டையாம்.

இந்தக் கதையில் கூட்டாளிகள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். துரூஸ் தலைவர் கமால் ஜும்ப்லாத் 1977 மார்ச்சில் கொல்லப்பட்டார். சிரியாவின் வேலை என்றுதான் எல்லாரும் நம்பினார்கள். துக்கம் முடிந்ததும் மகன் வலீத், டமாஸ்கஸ் போய் அசாதின் கையைக் குலுக்கினார். சிரியாவுக்கு எதிராக 1989இல் ‘விடுதலைப் போர்’ அறிவித்த மிஷெல் அவுன், 2006இல் சிரியாவின் நண்பர்களான ஹிஸ்புல்லாவோடு ஒப்பந்தம் போட்டார். 2016இல் அவர்கள் ஆதரவில் ஜனாதிபதி ஆனார். விருந்தாளிகள் மாறுவார்கள். வெற்றிலைத் தட்டு மட்டும் அதே குடும்பங்களின் கையில்.

*

இந்த இடத்தில் ஒருவர் என் சட்டையைப் பிடிக்கலாம். பிடிக்கவும் வேண்டும். “அப்ப இஸ்ரேலுக்குப் பங்கே இல்லையா? 1948இல் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டு வந்த ஒரு லட்சம் பாலஸ்தீன அகதிகளை யார் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்டார்கள்? அடிபட்டவனையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறாயா?”

நியாயமான கேள்வி. கூப்பிட்டார்கள் என்பதால் வந்தவன் நிரபராதி ஆகிவிட மாட்டான். வாசல் திறந்திருந்தது என்று சொல்லித் திருடன் தப்பிக்க முடியாது. சப்ரா–ஷத்திலாவின் ரத்தம் ஏரியல் ஷரோனின் கையிலும் இருக்கிறது. இஸ்ரேலின் சொந்த விசாரணை ஆணையமே அவர்மேல் பொறுப்பைச் சுமத்தியது. 1978இலிருந்தும் 1982இலிருந்தும் தெற்கு லெபனானை 2000 மே வரை பிடித்து வைத்திருந்ததற்கு எந்த அழைப்பிதழும் பதில் ஆகாது.

அகதிகள் விஷயமும் உண்மைதான். இன்னும் கசப்பான உண்மை ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். 1970இல் ஜோர்டான் மன்னர் உசேன் தன் நாட்டில் இரண்டு துப்பாக்கி இருக்கக்கூடாது என்று முடிவெடுத்து, பாலஸ்தீனப் போராளிகளை ரத்தவெள்ளத்தில் அடக்கினார். பிழைத்தவர்கள் லெபனானுக்கு வந்தார்கள். ஜோர்டானின் அமைதிக்கு விலை கொடுத்தது பெய்ரூட். சின்ன நாடுகள் ஒன்றின் நெருப்பை இன்னொன்றின் கூரைமேல் தள்ளிவிட்டுத் தப்பிப்பதும் இந்த அரசியலின் ஒரு பகுதி.

தெற்கு லெபனான் ஷியாக்களின் கதையையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். புகையிலை விவசாயிகள், கூலிகள். பெய்ரூட் அரசு அவர்களை எட்டியும் பார்த்ததில்லை. 1969 ஒப்பந்தத்துக்குப் பிறகு அவர்கள் வயல்தான் போர்க்களம். பிறகு ஆக்கிரமிப்பு. ராணுவம் வரவில்லை, அரசு வரவில்லை, ஹிஸ்புல்லா வந்தது. பள்ளிக்கூடம், மருத்துவமனை, கூடவே துப்பாக்கி. 2000இல் இஸ்ரேல் வெளியேறியதற்கு அந்தத் துப்பாக்கிதான் காரணம். அந்த ஊர்க்காரர் ஒருவர் ஹிஸ்புல்லாவைப் போற்றினால் அவருக்குப் பாடம் எடுக்கும் தகுதி எனக்கில்லை.

ஆனால் 2000க்குப் பிறகு? கேள்வி அங்கேதான் மாறுகிறது. துப்பாக்கியைக் கீழே வைக்காத ஒரு கட்சி, போர் எப்போது என்று முடிவெடுக்கும் உரிமையையும் தன்னிடமே வைத்துக்கொண்டது.

2006 ஜூலை 12 அன்று எல்லையில் இரண்டு இஸ்ரேலிய வீரர்களை ஹிஸ்புல்லா பிடித்துப் போனது. 34 நாள் போர். லெபனானில் சுமார் 1,200 பேர் சாவு, பெரும்பாலும் பொதுமக்கள். போர் முடிந்ததும் ஹசன் நஸ்ரல்லா தொலைக்காட்சியில் சொன்னார், இவ்வளவு பெரிய போர் வரும் என்று ஒரு சதவீதம் தெரிந்திருந்தால்கூட அதைச் செய்திருக்க மாட்டோம் என்று. அவருடைய நேர்மை என்று பலர் இதைப் பாராட்டினார்கள். எனக்கு வயிறு எரிகிறது. ஒரு நாட்டின் உயிர்களை வைத்து நடந்த கணக்கு தப்பாகிவிட்டது என்று ஒரு கட்சித் தலைவர் சாவகாசமாகச் சொல்கிறார். கணக்கு போடச் சொன்னது யார்? நாடாளுமன்றமா, அமைச்சரவையா?

2012இல் லெபனான் தலைவர்கள் உட்கார்ந்து பாப்தா பிரகடனம் என்று ஒன்றை ஏற்றுக்கொண்டார்கள்: வட்டாரச் சண்டைகளில் தலையிடாமல் விலகி நிற்போம். அடுத்த வருஷமே ஹிஸ்புல்லா பஷார் அல்-அசாதுக்காக சிரியாவின் குசைர் நகரில் வெளிப்படையாகச் சண்டையில் இறங்கியது. எதிர்முகாம் மட்டும் சொக்கத் தங்கமா? 2017 நவம்பர் 4 அன்று லெபனான் பிரதமர் சாத் ஹரிரி தன் ராஜினாமாவை எங்கிருந்து அறிவித்தார்? ரியாத்திலிருந்து, சவூதித் தொலைக்காட்சி ஒன்றில். ஊருக்குத் திரும்பி வந்த பிறகு வாபஸ் வாங்கினார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத இந்த மாதிரி நாட்களும் அந்த மக்களுக்கு உண்டு.

2023 அக்டோபர் 8. காசாவுக்கு ஆதரவாக ஹிஸ்புல்லா எல்லையில் போர்முனையைத் திறந்தது. காசாவில் நடந்தது மனசாட்சி உள்ள யாரையும் உலுக்கும். ஆனால் ஆதரவுப் போர்முனை என்றால் என்ன? நாணயம் செத்து, வங்கிகள் மக்களின் சேமிப்பை விழுங்கி, ஒரு வருஷமாக ஜனாதிபதியே இல்லாத ஒரு நாட்டின் எல்லைக் கிராமங்களை இன்னொரு போரின் துணை மேடையாக்குவது. 2024 செப்டம்பர் 17 அன்று பேஜர்கள் வெடித்தன. செத்தவர்களில் குழந்தைகளும் உண்டு. செப்டம்பர் 23 அன்று ஒரே நாளில் இஸ்ரேலின் குண்டுவீச்சில் ஐந்நூறு பேர் அளவில் கொல்லப்பட்டார்கள். நான்கு நாள் கழித்து நஸ்ரல்லாவும். நவம்பர் 27 அன்று போர்நிறுத்தம் வருவதற்குள் சுமார் 4,000 சாவு, பத்து லட்சத்துக்கு மேல் இடப்பெயர்வு, எல்லையோரத்தில் ஊர் ஊராகத் தரைமட்டம். மறுகட்டுமானத்துக்கு 1,100 கோடி டாலர் வேண்டும் என்றது உலக வங்கி. போர்நிறுத்தத்துக்குப் பிறகும் இஸ்ரேல் ஐந்து குன்றுகளை விடவில்லை, தாக்குதலையும் நிறுத்தவில்லை.

குண்டு போட்டது இஸ்ரேல். அந்தக் குற்றம் இஸ்ரேலுடையது. வாசலைத் திறந்தது ஹிஸ்புல்லா. அந்தப் பொறுப்பு ஹிஸ்புல்லாவுடையது. திறக்க முடிகிற மாதிரி வீட்டைக் கட்டி, பூட்டே போடாமல் வைத்திருந்தது எல்லாத் தலைவர்களும். இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வது ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது? ஒன்றைச் சொன்னால் இன்னொன்றை மறைக்கிறாய் என்று சண்டைக்கு வருகிறார்கள். மூன்றும் உண்மை.

*

இனி, அந்தச் சொற்றொடர் எதற்குப் பயன்பட்டது என்ற கணக்கு.

உள்நாட்டுப் போரில் சுமார் 1,50,000 பேர் செத்தார்கள். காணாமல் போனவர்கள் 17,000 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் எண். 1991 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பொது மன்னிப்புச் சட்டம் போட்டது. அதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, படிக்கும்போது கை நடுங்கும். அரசியல், மதத் தலைவர்களையும் வெளிநாட்டுத் தூதர்களையும் கொன்ற குற்றங்களுக்கு மன்னிப்பு கிடையாது. அதாவது ஒரு தலைவரைக் கொன்றால் குற்றம். சோதனைச் சாவடியில் அடையாள அட்டையில் மதத்தைப் பார்த்து நிறுத்திச் சுடப்பட்ட பேருந்துப் பயணி? அவருக்கு நடந்தது ‘மற்றவர்களின் போர்’. மன்னித்தாயிற்று, வீட்டுக்குப் போ.

மன்னிப்பு வாங்கியவர்கள் சும்மா இருக்கவில்லை. அமல் படையின் நபீ பெர்ரி 1992இல் சபாநாயகர் ஆனார். முப்பது வருஷத்துக்கு மேல் அந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. சப்ரா–ஷத்திலாவுக்குள் ஆட்களை அனுப்பிய எலி ஹொபெய்கா அமைச்சர் ஆனார். அவருக்குக் கிடைத்த துறைகளில் ஒன்று, போரில் வீடிழந்தவர்களுக்கான துறை. இதை எந்த நாவலாசிரியராவது எழுதியிருந்தால் மிகை என்று திருப்பி அனுப்பியிருப்போம். பெரிய படைத் தலைவர்களில் சிறைக்குப் போனவர் சமீர் ஜஜா மட்டுமே. அதுவும் சிரியாவோடு ஒத்துப்போகாததால்தான் என்று எல்லாருக்கும் தெரியும்.

பள்ளிப் பாடநூலில் வரலாறு 1940களோடு நின்றுவிடுகிறது. பொதுவான வரலாற்றுப் பாடம் எழுத வேண்டும் என்று போரை முடித்த 1989 தாயிஃப் ஒப்பந்தமே சொன்னது. எழுத முடியவில்லை. எழுதினால் ‘மற்றவர்கள்’ என்ற இடத்தில் பெயர்கள் வரும், பெயர்களுக்குச் சொந்தக்காரர்கள் அமைச்சரவையில் இருக்கிறார்கள்.

1982இல் வதாத் ஹல்வானி என்ற ஆசிரியையின் கணவரை ஆட்கள் வந்து கூட்டிப்போனார்கள். திரும்பி வரவில்லை. தன்னைப் போல யாராவது இருந்தால் வாருங்கள் என்று வானொலி வழியாக அழைத்தார். சில பேர் வருவார்கள் என்று நினைத்த இடத்தில் நூற்றுக்கணக்கான பெண்கள் வந்து நின்றார்கள். எல்லா மதத்துப் பெண்களும். ‘எங்கள் ஆட்கள் எங்கே’ என்பதுதான் அவர்களுடைய ஒரே கேள்வி. காணாமல் போனவர்களின் கதியைத் தெரிந்துகொள்ளும் உரிமைக்கான சட்டம் 2018 நவம்பரில்தான் நிறைவேறியது. 36 வருஷம். பல அம்மாக்கள் அதற்குள் செத்துப்போனார்கள். இந்தப் பெண்களிடம் போய் ‘இது மற்றவர்களின் போர்’ என்று சொல்லிப் பாருங்கள். அவர்களுடைய ஆட்களைக் கூட்டிப்போனவன் பேசிய அரபி எந்த ஊர் அரபி என்று அவர்களுக்குத் தெரியும்.

தப்பித்துப் பழகியவர்கள் அடுத்த குற்றத்தையும் அதே பழக்கத்தில் செய்வார்கள். 2020 ஆகஸ்ட் 4. பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட். ஒரு கப்பலில் 2013இல் வந்த சரக்கு, வருஷக்கணக்காகக் கிடங்கில் கிடந்தது. ஆபத்து என்று அதிகாரிகள் கடிதம்மேல் கடிதம் எழுதியிருக்கிறார்கள். வெடித்து 200 பேருக்கு மேல் செத்தார்கள், பாதி நகரம் நொறுங்கியது. எந்த அந்நிய ராணுவமும் அன்றைக்கு வரவில்லை. அப்புறமும் என்ன நடந்தது? விசாரணை நீதிபதிகள்மேல் வழக்குமேல் வழக்குப் போட்டு வருஷக்கணக்கில் முடக்கினார்கள். 1991இல் கற்ற பாடம் 2020இல் கைகொடுத்தது.

*

நம்மைப் பற்றியும் கொஞ்சம்.

இதையெல்லாம் நாம் எப்படிப் பார்க்கிறோம்? வரைபடத்தில் சிவப்பு அம்புக்குறி, நீல அம்புக்குறி. ‘இது ஒரு சதுரங்க ஆட்டம் நண்பர்களே’ என்று தொடங்கும் வீடியோக்கள். பேஜர்கள் வெடித்த அன்று ‘செம மாஸ்டர் பிளான்’ என்று ஒரு கூட்டம். மறுபக்கம், எத்தனை கிராமம் அழிந்தாலும் ‘எதிர்ப்பு வெல்லும்’ என்று இங்கே சோபாவில் உட்கார்ந்துகொண்டு முஷ்டி உயர்த்தும் கூட்டம். இரண்டு கூட்டத்துக்கும் லெபனான் ஒரு பலகை, லெபனான்காரர்கள் காய்கள். ‘மற்றவர்களின் போர்’ என்ற வாக்கியம் அங்கே தலைவர்களுக்கு வசதி; இங்கே ரசிகர்களுக்கு வசதி.

அங்கே இருக்கிற இளைஞர்கள் இதைவிடத் தெளிவாகப் பேசினார்கள். 2019 அக்டோபர் 17 அன்று வாட்ஸப் அழைப்புக்கு வரி போட அரசு கிளம்பியபோது தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் எழுப்பிய கோஷம், ‘கில்லுன் யஅனி கில்லுன்’. நம்ம பேச்சில் சொன்னால், எல்லாரும்னா எல்லாரும்தான். எங்க ஆளு உட்பட. மரோனைட் ஊரில் மரோனைட் தலைவரையும், ஷியா ஊரில் ஷியா தலைவரையும், சன்னி ஊரில் சன்னித் தலைவரையும் திட்டினார்கள். ஒரே கோஷத்தில் 1943, 1991 இரண்டையும் நிராகரித்தார்கள். அவர்கள் ஜெயிக்கவில்லை. அடிவாங்கினார்கள், பணம் செல்லாக்காசானது, நிறையப் பேர் நாட்டைவிட்டே போய்விட்டார்கள். ஆனால் நோயின் பெயரைச் சரியாகச் சொன்னவர்கள் அவர்கள்தான். கூத்தாடியைத் துரத்துவதற்கு முன்னால் வெற்றிலைத் தட்டைப் பிடுங்க வேண்டும் என்று புரிந்துகொண்டவர்கள்.

அப்படியென்றால் ‘இது மற்றவர்களின் போர்’ என்று சொல்ல யாருக்குமே உரிமை இல்லையா? இருக்கிறது.

1980களிலிருந்து இலங்கைப் பெண்கள் பல்லாயிரக் கணக்கில் வீட்டு வேலைக்கு லெபனான் போனார்கள். எந்த அளவுக்கு என்றால், பெய்ரூட் பேச்சில் ‘ஸ்ரீலங்கியே’ என்ற சொல்லே வேலைக்காரி என்ற பொருளில் புழங்கியது. எத்தியோப்பியாவிலிருந்து வந்தவளும் ஸ்ரீலங்கியேதான். அங்கே கஃபாலா முறை. விசா முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டது. பெரும்பாலும் பாஸ்போர்ட்டும் முதலாளியிடம். 2024இல் குண்டு விழத் தொடங்கியபோது சில முதலாளிகள் காரில் ஏறித் தப்பினார்கள், வேலைக்காரப் பெண்ணை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு. சிலர் தெருவில் இறக்கிவிட்டுப் போனார்கள். அரசு முகாம்களுக்குப் போனால், இது லெபனான்காரர்களுக்கு மட்டும் என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களும் உண்டு.

அந்தப் பூட்டிய வீட்டுக்குள் நின்ற பெண் எந்தத் தலைவருக்கும் ஓட்டுப் போட்டதில்லை. எந்தக் கொடியையும் பால்கனியில் கட்டியதில்லை. டெஹ்ரான், ரியாத், வாஷிங்டன் எதுவும் அவளைக் காக்க ஆள் அனுப்பாது. அவள் சொல்லலாம், இது மற்றவர்களின் போர் என்று.

சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பியவர் சொல்லக்கூடாது.